கடல் தாண்டும் படகுக்கு எத்தனை காகிதம்?

சொந்தப் படகில் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போவது குற்றமல்ல. இலங்கைச் சட்டம் அதைத் தடுக்கவில்லை; சர்வதேசச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அப்படிப் போகிற படகில் நான்கு வகைக் காகிதங்கள் இருந்தாக வேண்டும்: படகின் பதிவு, ஓட்டுபவரின் தகுதிச் சான்று, ஏறுபவர்களின் பயண ஆவணம், புறப்படும் துறைமுகம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. இவை இல்லாமல் இரவில் கரையை விட்டு விலகும் படகைத்தான் செய்தித்தாள்கள் ‘சட்டவிரோதப் பயணம்’ என்று எழுதுகின்றன.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. மொனராகலையில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் சியம்பலாண்டுவ, லாகுகலை தாண்டிப் பொத்துவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படியிருந்தும் படகுப் பயணம் பற்றிய பேச்சு மலைநாட்டுக்கு எட்டாமல் இருப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மாவும் கிடைக்காமல் போன மாதங்களில், ட்ரோலரில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவர்களைக் கடற்படை கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்தன. வீட்டையும் வருமானத்தையும் இழந்த குடும்பத்துக்கு ‘நல்ல போட் ஒன்று இருக்கிறது’ என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

தரகர் சொல்லும் அந்த ‘நல்ல போட்’ உண்மையிலேயே நல்லதா என்று சோதிக்க ஒரே வழி, கடல் தாண்டும் படகுக்குச் சட்டம் கேட்கும் காகிதங்களைத் தெரிந்துவைத்திருப்பது.

படகுக்கும் ஒரு நாடு வேண்டும்

மனிதருக்குக் குடியுரிமை இருப்பதுபோல் கலத்துக்கும் ஒரு நாடு உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கலம் எந்த நாட்டில் பதியப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு கொடிதான். நடுக்கடலில் அந்தக் கொடி நாட்டின் சட்டமே படகில் செல்லுபடியாகும். எந்த நாட்டிலும் பதியாத கலம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், எந்த நாட்டுப் போர்க்கப்பலும் அதை நிறுத்தி ஏறிப் பார்க்கலாம். 110ஆவது உறுப்புரை அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நாடற்ற மனிதரின் நிலை எவ்வளவு மோசமானது என்று மலையக மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நாடற்ற படகின் நிலையும் அதுதான்.

இந்த விடயத்தில் தமிழருக்குச் சொந்தமான பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். கப்பல் ‘ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்’ ஆனது. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சுயெஸ் வழியாகப் போய், 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். அந்தச் சாதனையின் துணிச்சலை வல்வெட்டித்துறை இன்றும் கொண்டாடுகிறது. கைமாறிய கலத்துக்குப் பெயரும் உரிமையும் மாறியதும், வழியில் ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த மாலுமிகள் யார் என்று காட்ட வேண்டியிருந்ததும் அந்தக் கொண்டாட்டத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இன்று இலங்கையில் வணிகக் கப்பல்களின் பதிவு 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. மீன்பிடிப் படகுகள் வேறு. அவை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ்க் கடற்றொழில் திணைக்களத்தில் பதியப்படுகின்றன. துறைமுகத்தில் நிற்கும் மீன்பிடிப் படகொன்றின் முன்பக்கத்தைப் பார்த்தால் பெரிய எழுத்தில் ஒரு வரி தெரியும். ‘ஐ.எம்.யு.எல்.’ என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் அது உள்ளிணைப்பு இயந்திரம் பொருத்திய பலநாள் படகு. ‘ஓ.எஃப்.ஆர்.பி.’ என்றால் வெளியிணைப்பு இயந்திரம் பொருத்திய கண்ணாடிநார்ப் படகு. பிறகு ஓர் எண், கடைசியில் எந்த மாவட்டத்துக்குரியது என்று காட்டும் மூன்றெழுத்து.

இந்த எழுத்துகளில் எதுவும் ‘பயணிகளை ஏற்றலாம்’ என்று சொல்வதில்லை. பலநாள் படகு ஆழ்கடலுக்குப் போக உரிமம் பெற்றிருக்கலாம். அது மீனுக்கான உரிமம். இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்திலிருந்து 2016 நடுப்பகுதி வரை தடை விதித்திருந்தது. அதன்பின் பலநாள் படகுகளைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பது இறுக்கமானது. படகு எங்கே நிற்கிறது என்பது கரையில் திரையில் தெரியும். ‘நேவிக்குத் தெரியாமல் போய்விடலாம்’ என்று தரகர் சொன்னால், அந்தக் கருவியைக் கழற்றிவிட்ட படகில் ஏறச் சொல்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட படகு மூழ்கினால் எங்கே தேடுவது என்பதும் யாருக்கும் தெரியாது.

ஓட்டுபவர் யார்?

கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். படகுக்கு உலகம் முழுவதற்கும் செல்லும் ஒரே அனுமதிப்பத்திரம் கிடையாது. படகு எந்தக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டின் விதியே ஓட்டுபவரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவின் கரையோர நாடுகள் பலவும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த விதிப்படி வழங்கப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழை ஏற்கின்றன. பிரித்தானியாவின் ‘யோட்மாஸ்டர்’ சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பிருக்கிறது. ஆசியாவில் இதில் ஒருமைப்பாடு இல்லை.

காகிதம் மாறினாலும் உள்ளடக்கம் மாறாது. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள் சின்னத் தோணியிலிருந்து எண்ணெய்க் கப்பல் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரவில் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எதிரே வரும் கப்பலின் சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால், அது நேராக நம்மை நோக்கி வருகிறது. இதை அறியாதவர் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டு நூறு பேர் தூங்க முடியாது. இலங்கைக்குத் தெற்கே உள்ள கடற்பாதை உலகிலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று.

வானொலிக் கருவிக்கும் உரிமம் உண்டு. கருவி பொருத்திய ஒவ்வொரு கலத்துக்கும் ஒன்பது இலக்க அடையாள எண் ஒன்று கொடுக்கப்படும். இலங்கைக் கலமென்றால் அது 417 என்று தொடங்கும். இந்தியக் கலமென்றால் 419. ஆபத்து அழைப்பு ஒன்று வந்தால் மீட்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எண்ணில்லாத படகின் அழைப்பு, முகவரியில்லாத தந்தி மாதிரி.

காலித் துறைமுகத்தில் ஒரு காலைப்பொழுது

சட்டப்படி நடக்கும் தனியார் படகுப் பயணத்தை இலங்கையிலேயே பார்க்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரை, தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்தும் மலேசியாவின் லங்காவியிலிருந்தும் பாய்மரப் படகுகள் காலிக்கு வருகின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர். நாற்பது அடிப் படகில் இரண்டு பேர். அடுத்து மாலைதீவுக்கோ செங்கடல் பக்கமோ போவார்கள்.

படகு துறைமுக வாயிலை நெருங்கும்போது பாய்மரத்தின் வலப்பக்கக் கயிற்றில் ஒரு மஞ்சள் கொடி ஏறும். ‘நோயில்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்’ என்பது அதன் பொருள். அதுவரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. முன்கூட்டியே அமர்த்திய கப்பல் முகவர் காகிதங்களோடு வருவார். சுகாதாரம், சுங்கம், குடிவரவு என்று ஒவ்வொருவராக அலுவலர்கள் வருவார்கள். மேசையில் பரப்பப்படுவன: படகின் பதிவுச் சான்று, கடைசியாக விட்டுவந்த துறைமுகத்தின் அனுமதிச் சீட்டு, ஆட்பட்டியல், கடவுச்சீட்டுகள், விசா, காப்புறுதி. மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது, மதுபானம் எத்தனை போத்தல் என்பதும் எழுதப்படும். ஆட்பட்டியலில் கணவன் பெயருக்கு எதிரே ‘கப்டன்’, மனைவி பெயருக்கு எதிரே ‘மாலுமி’. ஆட்பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி காட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மஞ்சள் கொடி இறங்கி, இலங்கைக் கொடி ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசித் துறைமுகத்தின் சீட்டு. புக்கெற்றில் அனுமதி பெறாமல் கிளம்பிய படகு காலியில் சிக்கிக்கொள்ளும். காலியில் பெறாமல் கிளம்பினால் மாலேயில் சிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் அடுத்த நாடு சந்தேகத்தோடுதான் வரவேற்கும். இரண்டே பேர் பயணத்துக்கு இவ்வளவு காகிதம் என்றால், நூறு பேரை ஏற்றுகிறவர் ஒரு காகிதமும் காட்டாதது ஏன் என்று கேட்கலாம்.

இந்தப் பக்கத்துக் கடலில் ஒரே ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு. 1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கையின்படி, கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு வரும் இந்திய யாத்திரிகர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை. அதற்குமேல் ஒரு முழம் கடலுக்கும் அந்தச் சலுகை நீளாது.

பதினொரு நாள் கணக்கு

கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவு ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். பலநாள் படகு மணிக்கு ஏழு கடல்மைல் வேகத்தில் நில்லாமல் ஓடினாலும் 11 நாள் பிடிக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் மூன்று லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், நூறு பேருக்கு 3,300 லீற்றர். சமையல், கழுவல், குழந்தைக்குப் பால்மா கரைப்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஐந்தாறு பேர் தொழில் செய்வதற்காகக் கட்டிய படகு அது. மீதிப் பேர் மீனையும் பனிக்கட்டியையும் நிரப்பும் கிடங்கில்தான் உட்கார வேண்டும்.

2012ஆம் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் இப்படி அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். போனவர்கள் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு எச்சரிக்கை செய்வதில் பயனில்லை. தரகர் அந்தக் கதையைத்தான் சொல்வார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்ல மாட்டார். 2013 செப்டெம்பரிலிருந்து அவுஸ்திரேலியா படகுகளைக் கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறது. படகில் வந்தவரை அங்கே குடியேற விடுவதில்லை என்பதை ஆட்சி மாறியபிறகும் அது மாற்றவில்லை.

2022 நவம்பரில் ‘லேடி ஆர் 3’ என்ற பழைய கலம் வியட்நாமுக்கு அப்பால் நீர் புகுந்து தத்தளித்தது. கனடாவுக்குப் போகலாம் என்று நம்பி ஏறிய 303 இலங்கையர் அதில் இருந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அவ்வழியே போன ‘ஹீலியோஸ் லீடர்’ என்ற ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றி வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. டிசம்பர் இறுதியில் ஏறக்குறைய 150 பேர் விமானத்தில் இலங்கை திரும்பினார்கள். இலட்சக்கணக்கில் கொடுத்த பணம் திரும்பவில்லை.

சட்டம் எங்கே பிடிக்கும்

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி, இலங்கையை விட்டு வெளியேறுபவர் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமானநிலையம் வழியாக, செல்லுபடியான கடவுச்சீட்டோடு வெளியேற வேண்டும். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான பயணிகள் பிணையில் வந்து, பிறகு அபராதம் கட்டுகிறார்கள். ஆட்களை ஏற்பாடு செய்பவர்மீது சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. அவுஸ்திரேலியாவில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கொண்ட குழுவைக் கடத்தியதாகத் தீர்ப்பானவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஐந்தாண்டுச் சிறை. ‘நீ சும்மா சுக்கானைப் பிடி, உனக்குக் காசு வேண்டாம்’ என்று சொல்லி ஏற்றப்படும் ஏழை மீனவர்தான் பெரும்பாலும் அதில் சிக்குகிறார்.

‘அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பகலில், அலுவலர் முத்திரை குத்தும் மேசை இருக்கும் இடம் அது. இரவு இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப் படகில் ஏறி, அங்கிருந்து பெரிய படகுக்கு மாறும் இடம் துறைமுகமல்ல.

கழுத்தில் தகரம், கையில் காகிதம்

மலையகத் தமிழர் கடல் கடந்தபோதெல்லாம் காகிதம் அவர்களை விட்டுவைத்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பது அதில் எழுத்தாகவும் எண்ணாகவும் பொறிக்கப்பட்டிருந்தது. வழிப்பயணச் செலவு கடனாக அவர் கணக்கில் ஏறியது. அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டு 1921இல்தான் ஒழிந்தது.

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தவர்கள் தலைமன்னாருக்கு ரயிலேறி, ‘ராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் போனார்கள். 1984இல் அந்தக் கப்பல் சேவை நின்றது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு லயத்திலேயே தங்கிவிட்டார்கள். அன்று காகிதம் இருந்தது, கப்பல் இல்லை. இன்று தரகரிடம் படகு இருக்கிறது, காகிதம் இல்லை. அன்று லயத்தில் தங்கிவிட்டவர்களின் குடியுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பெருமளவு தீர்த்தது.

குடியுரிமை வந்தபிறகும் ஆவணச் சிக்கல் தீரவில்லை. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் பலருக்கு அது தவறியது. பதிந்தவர்களுக்கு வேறு தொல்லை. தாய் சொன்ன பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதியவர் ஒருவர், அதை ஆங்கிலத்துக்கு மாற்றியவர் இன்னொருவர். பிறப்பத்தாட்சியில் ‘இராமையா’, அடையாள அட்டையில் ‘ராமய்யா’, பாடசாலைப் பதிவில் ‘ராமையாஹ்’. மூன்றும் ஒரே மனிதர் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கடவுச்சீட்டு அலுவலகக் கவுண்டருக்குத் தெரியாது. திருத்தத்துக்கு ஒருநாள், சத்தியக் கடதாசிக்கு ஒருநாள், கிராம உத்தியோகத்தரைத் தேடி இன்னொரு நாள் என்று வேலைக்குப் பேர் போட முடியாமல் கூலி இழக்கும் நாட்கள் சேர்ந்துகொண்டே போகும். இந்த இடத்தில்தான் ‘காகிதமே வேண்டாம்’ என்கிற தரகர் பேச்சு எடுபடுகிறது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு பெட்டிகளும் புதைந்தன. பெட்டியில் இருந்தவை பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி. டித்வாவிலும் அதே கதை.

இனிச் செய்யக்கூடியவை

படகு பற்றி யாராவது பேசினால் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. படகின் பதிவு எண் என்ன, எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த நாட்டு விசாவில்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்கக் கூடாது. வேலைக்குத்தான் என்று சொன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். இந்தியாவுக்குக் கடல்வழிதான் போக வேண்டுமென்றால் காங்கேசன்துறை-நாகப்பட்டினம் கப்பல் 2023இல் தொடங்கப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டும் விசாவும் டிக்கெட்டும் போதும்.

கடல் தொழிலில் உண்மையான ஆசை உள்ள இளைஞருக்கும் நேர்வழி உண்டு. மட்டக்குளியில் தலைமையகம் கொண்ட இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம் கடல்சார்ந்த தொழிற்பயிற்சிகள் நடத்துகிறது. அடிப்படைக் கடற்பாதுகாப்புப் பயிற்சி முடித்து, வணிகக் கப்பல் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்தில் மாலுமிப் பதிவுப் புத்தகம் பெற்றால், வணிகக் கப்பல்களில் வேலை தேடலாம். தோட்டப் பாடசாலைகளின் தொழில் வழிகாட்டல் நாட்களில் ஆடைத் தொழிற்சாலையும் ஹோட்டலும் மட்டுமே பேசப்படுவது போதாது.

பிரதேச செயலகங்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. ஊவாத் தோட்டத்திலிருந்து கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்கோ கண்டிக்கோ மாத்தறைக்கோ போவதென்றால் குறைந்தது ஒருநாள் கூலி போகும். பிறப்புப் பதிவு, பெயர்த் திருத்தம், அடையாள அட்டை விண்ணப்பம் மூன்றையும் ஒரே நாளில், ஒரே கூடாரத்தில், தமிழ் எழுதத் தெரிந்த அலுவலரோடு தோட்டத்து மைதானத்திலேயே நடத்தும் நடமாடும் சேவை ஆண்டுக்கு இருமுறை வேண்டும். கொழுந்துப் பருவம் பார்த்து நாள் குறிக்க வேண்டும். வேலை மும்முரமான நாளில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். மூன்று பதிவிலும் பெயர் வேறுபடுகிறவர்களுக்கு, அதே இடத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே பிள்ளையின் பெயர் எல்லாப் பதிவிலும் ஒத்துப்போகிறதா என்று அதிபர்கள் பார்த்துவிட்டால், பத்து ஆண்டுக்குப் பின் வரும் அலைச்சல் மிச்சம்.

மண்சரிவு அபாயம் உள்ள லயங்களில் ஆவணங்களின் பிரதிகள் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்: பாடசாலை அலுமாரி, கோயில் அலுவலகம், பதுளை நகரத்து உறவினர் வீடு. அசலைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கதவருகே ஆணியில் மாட்டிவைக்கலாம். ஓடும்போது கைக்கு வரும். கைபேசியில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவைப்பது இன்னும் சுலபம். படம் எடுக்கும்போது பிறப்பத்தாட்சியின் பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டும் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி எடுப்பது சுலபம்.